வெந்நீர் வாய்க்கால்

என் ஆற்றில் தாமரை இருந்ததில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
நான் பார்த்த நாளிலேயே அதற்குச்
சாம்பல் நிறத்தில் ஒரு கரை இருந்தது.
புகைபோக்கிகள் தண்ணீரில் தலைகீழாய் நிற்கும்,
அவற்றின் வாய்க்குள் தூண்டில் போட்டோம்
நானும் டில்லிபாபுவும்.

கொருக்குப்பேட்டையில் ஏறினால்
அத்திப்பட்டு புதுநகர் வரைக்கும் கதவோரம்.
டிக்கெட் கிடையாது.
செக்கர் ஏறினால் எண்ணூரில் குதித்து
பாலத்தை நடந்தே கடப்போம்,
கட்டைகளுக்கு நடுவே கொசஸ்தலை தெரியத் தெரிய.
டவுசர் பையில்
தங்கூஸ் சுற்றிய பழைய பேட்டரி,
கடையில் கெஞ்சி வாங்கிய
பரோட்டா மாவு ஓர் உருண்டை.
பாதியை வழியிலேயே அவன் தின்றுவிடுவான்,
பச்சையாக.

அனல்மின் நிலையம் குடித்துத் துப்பும் தண்ணீர்
சூடாக வந்து விழும் ஓரிடம் உண்டு.
மார்கழியில் அங்கே கால் வைத்தால்,
வீட்டில் யாரும் எனக்கு
விளாவி வைக்காத வெந்நீர்.
மடவை துள்ளும்.
கெளுத்தி அடியில் கிடக்கும்.
மீனுக்கும் குளிரும்டா என்பான் டில்லிபாபு,
ஏதோ அதுவே வந்து அவனிடம் சொன்னதுபோல.

ஒருமுறை கெளுத்தி முள்
என் கட்டைவிரலில் ஏறியது.
முழங்கைவரை விறைத்து
அம்மா அம்மா என்று அழுதேன்.
அவன் கொஞ்சமும் யோசிக்காமல்
டவுசரை இறக்கி
விரல்மேல் ஒண்ணுக்கடித்தான்.
வலி குறைந்ததா, இன்றுவரை தெரியாது.
சிரித்ததில் கவனிக்கவில்லை.

போன ஞாயிறு
பெனிட்டாவையும் ஜோயலையும்
அதே வண்டியில் கூட்டிப்போனேன்.
மூன்று டிக்கெட்.
தொப்பி, சானிட்டைசர், எலுமிச்சை சாதம்.
கடையில் வாங்கிய பச்சைநிறத் தூண்டில்கோல்,
அதற்கொரு சக்கரம்.
மாட்டவே எனக்கு அரைமணி நேரம்.

ஜோயல் பத்து நிமிடம் மிதவையைப் பார்த்தான்.
பிறகு சேற்றில் ஒவ்வொரு நண்டு வளையாகக் குனிந்து
"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"
என்று கேட்கப் போய்விட்டான்.

பெனிட்டா கேட்டாள்:
"இங்க புடிச்ச மீனை நீ சாப்பிட்டியாப்பா?"
சாப்பிட்டேன்.
"நாங்க சாப்பிடலாமா?"
தூரத்தில் சாம்பல் குழாய் ஒன்று
எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.
வராத இருமலை இருமினேன்.

அப்போது பார்த்து இழுத்தது.
சக்கரம் சுற்றத் தெரியாமல்
கோலைத் தோளில் சாத்திக்கொண்டு
கரையில் ஏறி ஓடினாள்.
நாய்க்குட்டிபோல அவள் பின்னாலேயே
சேற்றில் வந்தது
ஒரு கெளுத்தி.

"தள்ளு தள்ளு,
அப்பாவுக்குத் தெரியும் இதெல்லாம்."

முப்பது வருடம் கழித்து
அதே கட்டைவிரல்.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு
பெனிட்டாதான் கழற்றினாள்,
மீனை ஒரு முள்ளிலிருந்தும்
என்னை ஒரு முள்ளிலிருந்தும்.
அது கிர்ர் கிர்ர் என்று திட்டியது.
"ரொம்பக் கோவக்காரி" என்று
தூக்கி வீசினாள் தண்ணீருக்குள்.
ஜோயல் ஓடிவந்து டாட்டா காட்டினான்,
தவறான திசையில்.

"இதுக்கு என்ன மருந்துப்பா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வண்டியில்
வீங்கிய விரலைப் படமெடுத்து
டில்லிபாபுவுக்கு அனுப்பினேன்.
மஸ்கட்டில் இருக்கிறான்.
பேசி நாலு வருடம் இருக்கும்.
விம்கோ நகர் தாண்டுவதற்குள் பதில்:
"வரட்டுமா?"

பெட்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.
ஏன்பா ஏன்பா என்று இருவரும் உலுக்க
எல்லாவற்றையும் சொன்னேன்,
பச்சை மாவை, பாலத்தை,
ஒண்ணுக்கை, செக்கரை,
அம்மாவிடம் சொல்லக்கூடாத மற்றதையும்.

கதவோரம் நிக்கணும் என்றான் ஜோயல்.
ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு
நின்றேன் நானும்.
பெனிட்டா என் பையில் கைவிட்டு
மூன்று டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்தாள்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கொருக்குப்பேட்டை வரைக்கும்
விரல் விண்விண் என்றது.