பச்சை டப்பா

எட்டு போல்ட்டும் கழன்று
டாப் கவர் கையோடு வந்தபோது
முதலில் வாய் திறந்தவன் முத்துக்கருப்பன்தான்:
“அண்ணே, கவுனரிசி.”

அப்படித்தான் இருந்தது.
கல்யாணப் பந்தியில் இலையோரம் வைப்பார்களே,
கறுத்துக் குழைந்து, நெய் மினுக்கத்தோடு,
அதே பதம்.
தேங்காய்ப்பூ ஒன்றுதான் குறை.
ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கோடு கீறினேன்.
கோடு மூடிக்கொள்ளவில்லை.

வயிரவன் எட்டிப் பார்த்தார்.
பிள்ளையார்பட்டிக்கும் திருச்சி ஏர்போர்ட்டுக்குமாக
அவர் வாடகைக்கு ஓட்டும் வண்டி.
குன்றக்குடி தாண்டி வரும்போது
ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததாம்.
“முருகன் கொண்டாந்து சேத்தான்” என்றார்.
அதே மூச்சில் தீர்ப்பும்:
“எல்லாம் அந்தப் பச்சை டப்பா பண்ணுன வேலை.”

செக்காலை ரோட்டில் ஒரு பானெட் திறந்தால்
நாலைந்து தலை குனியாமல் இருக்காது.
லேத் ஆரோக்கியம் சொன்னார்,
பச்சையில் மெழுகு ஜாஸ்தி,
அவன் எண்ணெய் எடுக்கிற கிணறே அப்படி.
டயர்க்கடை சுல்தான் சொன்னார்,
மஞ்சள் டப்பா ஓடின வண்டியில் பச்சையை ஊற்றினால்
எலுமிச்சை விழுந்த பாலாகத் திரியும்,
அவர் சகலை வண்டி
தேவகோட்டை ரஸ்தாவில் நின்றேவிட்டது அப்படித்தான்.
டீ கொண்டுவந்த பையன்கூடத் தன் பங்குக்கு
புதுவயல் ரைஸ் மில் லாரி ஒன்றை எடுத்துவிட்டான்.

இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன்.
இந்தக் கதையில் ஒருதரமும்
சொல்கிறவன் வண்டி வந்ததில்லை.
சகலையின் வண்டி,
இல்லையென்றால் சகலைக்குத் தெரிந்தவர் வண்டி.
நான் தொழிலுக்கு வந்த புதிதில்
நீல டப்பாதான் எமன்.
இன்று அவனவன் நீலத்தைத் தேடி வாங்குகிறான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
டீசலில் துணியை நனைத்து
ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தேன்.
நேரத்துக்கு மாற்றாமல் விட்டால்
எந்த நிறத்து டப்பாவும்
கடைசியில் இந்த நிறத்துக்குத்தான் வரும்.
சொல்ல அரை நிமிஷம் ஆகாது.
சொன்னால் அவர் கேட்பார்:
“மாசியிலதானே மாத்துனோம்?”

கதவோரம் ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து.
தேதி, கிலோமீட்டர், அடுத்தது எப்போது.
அன்றைக்கு முகூர்த்த நாள்,
வாசலில் பதினோரு வண்டி.
இவருக்கு நாலு மணிக்குள் வேண்டும்,
பள்ளத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு.
தண்ணீர் பார்த்தேன், காற்றுப் பார்த்தேன்,
டிப் ஸ்டிக்கில் அளவு இருந்தது. நிறத்தைப் பார்க்கவில்லை.
நாளைக்கு வரச்சொல்லி இறக்கிவிடலாம் என்று
நம்பித்தான் சீட்டை ஒட்டினேன்.
பில்லும் போட்டேன்:
மூன்றரை லிட்டர், பில்டர், கூலி.
நாளைக்கு அவர் வரவில்லை.
நான் கூப்பிடவும் இல்லை.

அந்தப் பச்சை டப்பா
சீல் உடையாமல்
ரேக்கின் மேல்தட்டில்
செத்த கார்பரேட்டர்களுக்குப் பின்னால்
ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறது.
குற்றம் சுமத்தப்பட்ட அத்தனை நேரமும்
நான் நின்ற இடத்திலிருந்து
அதன் மூடி தெரிந்தது.

“இனிமே மஞ்சளே ஊத்துங்க” என்றார் வயிரவன்.
ஆரோக்கியமும் சுல்தானும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்.
சம்ப் கழற்றி, ஸ்ட்ரெயினர் கழுவி
ராத்திரி ஒன்பதுக்கு முடித்தபோது
கூலி வேண்டாம் என்றேன்.
“இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா” என்று
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
கையில் கிரீஸ் இருந்ததால் சீக்கிரம் விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கோட்டையூர்க்காரர் ஒருவர்
புது வண்டியோடு வந்தார்.
பச்சை மட்டும் வேண்டாமாம்,
காரைக்குடியில் யாருக்கோ இன்ஜினே போச்சாம்.
யாருக்கு என்று கேட்டேன்.
“என் சகலைக்குத் தெரிஞ்சவரு.”

மஞ்சள் எடுக்க ரேக்கில் கையை நீட்டினேன்.
மேல்தட்டில் பச்சை டப்பா
பெயர் தெரியாதபடி
சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
நான் திருப்பவில்லை.

முத்துக்கருப்பன் குனிந்து
ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே அடுக்கிய ஸ்பேனர்களை.