சலவை இயந்திரத்தைத் துண்டு துண்டாக வாங்குதல்

முதல் தவணையில் மூடியை வாங்கினேன்.
நெல்டா சிரித்தாள்,
யாராவது இப்படிக் கணக்கு வைப்பார்களா என்று.
முப்பத்தாறு தவணை என்பது மலை, நெல்டா.
மூடி என்பது மூடி.
திறக்கலாம், சாத்தலாம்.

இரண்டாம் மாதம் சோப்புத்தூள் பெட்டி.
மூன்றில் தண்ணீர்க் குழாய்.
ஐந்தாம் மாதத்துக்கு ஒன்றும் தோன்றாமல்
பின்பக்கத்து ஸ்டிக்கர் என்று நாட்காட்டியில் எழுதினேன்.
முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் பேசோவுக்கு
ஒரு ஸ்டிக்கர்.
பதினொன்றில்
அது சுழலும்போது எழும் சத்தத்தை வாங்கினேன்.
அன்றிரவு ஆயெலன் தூங்கிய பிறகு
துணி போடாமல் சுழலவிட்டு
நின்று கேட்டேன்.
என் சத்தம்.

பத்தொன்பதாவதில் மோட்டார் வாங்குவதாக இருந்தது.
அதோடு அசல் தீரும், மிச்சமெல்லாம் வட்டி.
மோட்டார் முந்திக்கொண்டது.
டிசம்பர். ஒரு முனகல், கருகல் வாடை,
நுரையோடு பாதியில் நின்ற பள்ளிச் சீருடை.
உத்தரவாதம் ஓராண்டு.
கடன் மூன்றாண்டு.
இரண்டிலும் ஒரே பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன்.

உழைக்கிற பொருளுக்குக் கட்டும் பணம் ஒரு மாதிரி,
செத்த பொருளுக்குக் கட்டுவது வேறு மாதிரி.
கை பையை விட்டு வெளியே வராது.
இரண்டு நாள் தாமதித்தால்
சந்தியாகோவிலிருந்து எலியாசர் என்றொருவன் பேசுவான்:
"மரீட்சா ஒயார்சோ அம்மையார்தானே?
அங்கே குளிர் எப்படி?"
குளிரை நலம் விசாரித்துவிட்டுத்தான்
கழுத்தைப் பிடிப்பான்.

ஜூன்.
புந்தா அரேனாஸில் பத்து மணிக்கு விடிந்து
ஐந்தரைக்கு இருட்டிவிடும்.
நண்டு ஆலை ஜூலையில்தான் திறக்கும்.
வாளியில் துவைத்து விரல் வெடித்திருந்தது.
அப்போது கடையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
பிரியமுள்ள மரீட்சா,
உங்களுக்கான புதிய கடன் தயாராக இருக்கிறது.
பிரியமுள்ள என்று
வேறு யார் எழுதினார்கள் அந்த மாதம்?

போனேன்.
வரிசையாக வெள்ளை வெளேரென்று நின்றன.
ஒன்றைத் திறந்து தலையை உள்ளே விட்டேன்.
இன்னும் யாருடைய அழுக்கும் படாத வாசனை.
விற்பனையாளர் அடையாள எண் கேட்டார்.
சொல்லத் தொடங்கினேன்,
ஐந்து இலக்கம் வரை சொல்லிவிட்டேன்.
கை மட்டும் மூடியின் மேல் இருந்தது.
மூடி.
இதை வாங்கியாயிற்றே.
"மன்னியுங்கள், என்னிடம் மூடி இருக்கிறது" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
வெளியே வந்து
பேருந்து நிறுத்தம் வரைக்கும்
எனக்கும் சரியாகப் புரியவில்லை.

அந்தத் தவணையை
நெல்டாவின் மாமியார் வீட்டுப் படிக்கட்டைத் தேய்த்துக் கட்டினேன்.
நாட்காட்டியில்: ஒரு திருகாணி.
பெரிய திருகாணிகூட இல்லை.

இன்று அக்டோபர், இருபத்தொன்பது.
காற்று தொடங்கிவிட்டது.
ஆளைத் தூக்கும் காற்று.
சதுக்கத்து மூலையில் நகராட்சி கயிறு கட்டியிருக்கிறது.
பணத்தை உள்சட்டையில் வைத்துக்கொண்டு
கயிற்றைப் பற்றி நகர்ந்தேன்.
முன்னால் குதிகால் செருப்போடு ஒரு வங்கிப் பெண்,
பின்னால் சிரித்துக்கொண்டே இரண்டு பையன்கள்.
பிடித்திருப்பதற்காக
யாரும் யாரையும் பாராட்டவில்லை.
விட்டால்தான்
எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கட்டிவிட்டு வந்தால்
ஆயெலன் பேனாவோடு நிற்கிறாள்.
"இந்த மாதம் என்ன?"
மூடி, குழாய், சத்தம், கால்கள் நான்கு,
ஒயர், அந்த ஒயரின் செருகி,
எல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டது.
இன்னும் ஏழு இருக்கிறது.

இயந்திரத்துக்குள் கைவிட்டேன்.
அங்கேதான் இப்போது உருளைக்கிழங்கு வைக்கிறோம்,
வெளிச்சம் படாததால் முளைவிடாமல் கிடக்கும்.
"உள்ளே இருக்கும் இருட்டு என்று எழுது."
எழுதினாள்.
எழுத்துப்பிழையோடு.
மூன்று கிழங்கை எடுத்துக் கழுவினேன்.