நாற்பத்தொன்று

நோட்டு என் கையில்.
ஆதரவுக்குக் கூட்டல், எதிர்ப்புக்குக் கழித்தல்,
பிடிகொடுக்காதவர்களுக்கு ஒரு வட்டம்.
முதல் மூன்று வாரமும் பக்கமெல்லாம் கூட்டல்.
தெக்லா மாட்டு டாக்டர்.
ஒல்ஷின்கியின் கன்றுகளில் பாதி
அவள் கையில் விழுந்து கண் திறந்தவை.
சாக்கடை, சாலை, பள்ளிப் பேருந்து என்று
அவள் தொடங்குமுன்பே
"உனக்குத்தான் போடுவோம், உள்ள வா,
பீட்ரூட் சூப் சூடா இருக்கு" என்பார்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை.
தீயணைப்பு நிலையக் கூடம். ஈரக் கோட்டுகளின் வாடை.
ஸெனோன் எழுந்தான்:
"அவங்க விஷயத்துல நீ எந்தப் பக்கம்?"
'அவங்க'ளுக்கு முன்னால் ஒரு செருமல்.
எங்கள் போலந்தில் அந்தச் செருமலுக்கு
யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

வேண்டாம் என்று தலையசைத்தேன்.
தெக்லா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவுல
ராத்திரி முழுக்க ஒருத்தர் நின்னுட்டிருந்தார்.
உள்ள கிடந்தவரோட பத்தொன்பது வருஷம்
ஒரே வீட்டுல இருந்தவர்.
படிவத்துல 'உறவு'ன்னு ஒரு கட்டம்.
அதுல எழுத அவருக்குச் சட்டம் ஒரு சொல் குடுக்கல.
குடுக்கணும்ங்கறேன்.
இது யாரோடதுன்னு மாட்டுக் காதுலயே
நம்பர் அடிச்சுவிடறோமே."

யாரோ சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.
நாற்காலிகள் மடங்கும் சத்தம்,
ஒன்று, இன்னொன்று, பிறகு நிறைய.

மறுநாளிலிருந்து நோட்டில் ரப்பர் வேலை.
கிங்கா சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமில்ல,
அக்கம்பக்கத்துலதான்..."
அக்கம்பக்கத்தில் கேட்டால்
அவர்களுக்கும் ஒன்றுமில்லை, கிங்காவுக்குத்தான்.
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கெர்வாஸி
ஒரு சாண் கதவு திறந்து
உடம்புக்கு முடியவில்லை என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால் மீன் பொரிந்துகொண்டிருந்தது.
ஸெனோன் நாயை அவிழ்த்துவிட்டான்.
அதற்கு ஊசி போட்டவளே இவள்தான்.
வாலாட்டி ஓடிவந்து அவள் பூட்ஸை நக்கியது.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
நாயைத் திட்டினான் அவன், வெகுநேரம்.

நானும் சொல்லிவிடுகிறேன்.
அன்றிரவு காரில் அவளோடு நான் பேசவில்லை.
ஒரே வாக்கியத்தில் சாக்கடையைத் தொலைத்தாளே என்று
பல்லைக் கடித்தபடி ஓட்டினேன்.
வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால்
என் கதவு எண்ணுக்கு நேரே
நான் எந்தக் குறியும் போட்டிருக்கவில்லை.

தோற்றாள்.
ஒல்ஷின்கி சாவடியில் மட்டும்
முன்னூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று.
என் நோட்டில் மிஞ்சிய கூட்டல் ஆறு,
அதில் ஒன்று அவளே.
அப்படியானால் முப்பத்தைந்து பேர் யார்?
ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான்.
ஊர்க் கைக்கு மட்டும்
ஒரு துணித்திரை இருந்திருக்கிறது, மூன்று முழத்தில்.

திங்கட்கிழமை ரொட்டிக் கடை வரிசையில்
ஒவ்வொரு பிடரியாகப் பார்த்தேன்.
இவளா? காதுக்குள் முடி வளர்ந்த இந்தக் கிழவரா?
போட்டவர் ஒவ்வொருவரும்
தான் ஒருவர்தான் போட்டோம் என்று நினைத்திருக்கவேண்டும்.
பலகையில் எண்ணைப் பார்த்து
பயந்தும் போயிருக்கலாம்.
எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

புதன், விடியற்காலை இரண்டு மணி. போன்.
ஸெனோன். கன்று தலைமாறிக் கிடக்கிறதாம்.
நான்தான் ஓட்டிப்போனேன்.
அவன் விளக்கைப் பிடித்தான், நான் கயிற்றை.
தெக்லா தோள்வரை பசுவுக்குள்.
ஒரு மணி நேரம் யாரும் எதுவும் பேசவில்லை,
பசுவைத் தவிர.

வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.
மூச்சு விட்டது.
அவள் வாளியில் கை கழுவினாள்.
காசை எண்ணிக் கொடுத்தான், சரியாக.
வைக்கோல் எடுத்துக் கன்றைத் துடைத்தபடி,
எங்களைப் பார்க்காமல்:

"அந்த வராந்தாவுல நின்னாரே,
அவருக்கு உட்கார ஒரு நாற்காலியாவது போட்டாங்களா?"

"இல்ல" என்றாள் தெக்லா.

இன்னும் கொஞ்சம் வைக்கோல் எடுத்தான்.
நோட்டு காரில் கிடந்தது.