கதவு பூட்டப்பட்டுள்ளது

என் ஆய்வுத் தலைப்பை முழுதாய்ச் சொன்னால்
பேருந்து ஒரு ஊரைக் கடந்துவிடும்.
சுருக்கம் இது:
தபாலில் பெயர் சேர்க்க எழுதிப்போட்ட புது ஓட்டுக்காரர்கள்
எந்தத் தாளில் இடறினார்கள்.

மாதிரிக்கு நூற்றுப்பன்னிரண்டு பேர்.
மண்டபம், வேதாளை, சீனியப்பா தர்கா.
மாசி வெயில்.
ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் என்று
மதுரையில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து போட்ட கணக்கு
இங்கே உப்புக்காற்றில் நமுத்துப்போயிற்று.

முப்பத்தாறாவது ஆள் ஜெபினா.
பதினெட்டு முடிந்து ஏழு மாதம்.
விடிகாலை வள்ளத்தில் போய்
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கி
அப்போதுதான் கரையேறியிருந்தாள்.
விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

ஆதாரில் ஏறியது ஐந்தாம் வகுப்புக் கை.
அதற்கப்புறம் கையைப் பாறை வாங்கிக்கொண்டது.
புதுப்பிக்கப் போன இடத்தில்
மூன்று தடவை சிவப்பு விளக்கு.
"நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வாம்மா" என்றாராம்.
"கழுவித்தான் தேஞ்சது" என்றாளாம் இவள்.

ஒரு நாள் அலுவலகம் போனால்
ஒரு நாள் பாசி போச்சு.
அதனால் தபால்.
படிவம் ஆறு, பள்ளிச் சான்றின் நகல், போட்டோ.
சான்றில் ரோஸ்லின் ஜெபினா.
ரேஷன் அட்டையில் செபினா மேரி.
கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் இன்னும் ரெண்டு பேர் கூட.
"எல்லாம் நாந்தேன்" என்றாள்,
வருகைப்பதிவில் யாருக்கோ சேர்த்து
'உள்ளேன்' சொல்கிறவள் போல.

கேள்வி பதினேழு.
உங்களுக்கு வந்த பதில் கடிதத்தைப் பெற்றீர்களா?
ஆம். இல்லை. தெரியாது.

அந்த உறையை எனக்குத் தெரியும்.
போன வாரம் ராமநாதபுரத்தில்
திரும்பி வந்த கட்டுக்குள் பார்த்தேன்.
'கதவு பூட்டப்பட்டுள்ளது' என்று
சிவப்புப் பேனாவில், அழகான கையெழுத்து.

இப்போது அந்தக் கதவைத் தேடினேன்.
கீற்றுச் சுவரில் ஆள் நுழைய ஒரு இடைவெளி.
அதில் கிழிந்த நைலான் வலை ஒன்று
ஆடு வராமல் இருக்கத் தொங்கியது.

அவள் அண்ணன் ரூபிஸ்டனும் எழுதிப்போட்டவன்தான்.
படகில் இருந்தான், பேச முடியவில்லை.
அவனுக்கு மீனவர் அட்டை உண்டு.
நடுக்கடலில் எவனும் மறித்து
யார் நீ என்றால் எடுத்துக் காட்டலாம்.
"கரையில கேட்டாத்தேன் முழிப்பான்"
என்று சிரித்தாள்.
நான் அதை எழுதிக்கொண்டேன்.
எந்தக் கேள்வியின் கீழ் என்றுதான் தெரியவில்லை.

பிறகு கடைசிப் பக்கம்.
பங்கேற்றதற்கு நூற்றைம்பது ரூபாய்.
பெறுபவர் பெயர், ஒப்பம்,
அடையாள அட்டை எண் (கட்டாயம்).
எண் இல்லாத தாள் கணக்கில் சேராது.

நான் எழுதிய படிவம்.
கட்டாயம் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டதும் நானே.
துணைவேந்தர் அலுவலகம் கேட்டது, தணிக்கை கேட்கும்,
என்றெல்லாம் சொல்லலாம்.
முப்பத்தைந்து வீட்டில் இந்தப் பக்கத்தைத்
தயங்காமல் திருப்பியிருக்கிறேன்.
பதினொரு தாள் பைக்குள்ளே தனியாகக் கிடக்கிறது,
ரப்பர் பேண்ட் போட்டு.

"நம்பர் இல்லைன்னா பரவால்லக்கா" என்றாள்,
நான்தான் ஏதோ தொலைத்ததைப் போல.
மை டப்பாவில் கட்டைவிரலை அழுத்தித்
தாளில் வைத்தாள்.
கோடு ஒன்றும் விழவில்லை.
நீலம் மட்டும்,
கரை ஒதுங்கிய சொறி மாதிரி.

என் கைக்காசில் நூற்றைம்பது கொடுத்தேன்.
அது விதிமீறல். அதையும் எழுத வேண்டும்.

குறிப்பு என்ற இடத்தில் ஒன்றரை வரிதான் விட்டிருந்தேன்:
'வீட்டுக்குக் கதவு கிடையாது.
ஆள் இருக்கிறாள். பாசி காயப்போடுகிறாள்.'

முப்பத்தேழாவது வீடு தர்காவுக்குப் பின்னால்.
காற்று திரும்பிவிட்டது.
பைக்குள் கைவிட்டு அந்த ரப்பர் பேண்டைக்
கழற்றிக்கொண்டே நடந்தேன்.