ஆறு கிலோ

சூளகிரி மலையடியில் ஜீப் நின்றபோது
மணி ஐந்து பத்து.
பின்னால் கோணியில் சுற்றிக் கிடந்தது
துப்பாக்கி இல்லை,
துப்பாக்கியின் எடை.
அசலை ஷெட்டுக்கு வெளியே கொண்டுவர அனுமதி கிடையாது.
அதே நீளத்துக்கு ஒரு குழாய்,
உள்ளே ஈயத்துண்டும் மணலும்.
பாரம் எந்த இடத்தில் நிற்குமோ அங்கேயே நிற்க
இரண்டு ராத்திரி உட்கார்ந்து
நான்தான் நிரப்பினேன்.

முக்காலி மட்டும் நிஜம்.
பழையது இருபது கிலோ, இது பதினான்கு.
அந்த ஆறு கிலோவைப் பிடுங்க
ஒன்றரை வருஷம்.
காலில் துளை போட்டேன்,
துளையின் விளிம்பை மழித்தேன்,
எஃகு இருந்த இடத்தில் டைட்டானியம் வைத்தேன்.
ஒரு திருகின் தலையில் மூன்று கிராம் கிடைத்த அன்று
ஓசூர் சிப்காட் கேன்டீனில்
எல்லோருக்கும் என் கணக்கில் மசால் வடை.

தூக்கிப் பார்க்க மூவர்,
மூவரும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.
பென்னாகரம் மாதையன் குழாயை எடுத்தார்.
கோவிலூர் இருதயசாமி முக்காலியை.
கிருஷ்ணகிரி அன்வர் பாஷா கையில் இரண்டு பெட்டி,
ரவைக்குப் பதிலாக நட்டும் போல்ட்டும்.
என் கையில் கடிகாரம்.

கொத்தமல்லிக் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவள்
குழாயைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"போருக்கா?"
அவள் காட்டில் ஆயிரத்து நூறு அடி இறக்கியும்
புகைதான் வந்ததாம்.
இருதயசாமி சிரிக்கவில்லை.
"ஆமாம்மா, போருக்குத்தான்."
"எங்க போட்டாலும் தண்ணி வந்தா சரி" என்றாள்.

பாதி மலையில் பேச்சு நின்றது.
மூச்சு மட்டும்,
பெட்டிக்குள் போல்ட் உருளும் சத்தம்,
கீழே நெடுஞ்சாலையில் லாரிகள்.

எடையைக் குறைத்தால் உதை குறையாது.
இதைப் படிப்பில் படித்தேன்,
பிறகு சோதனைத் திடலில் பார்த்தேன்:
பத்தாவது ரவையில்
கயிறு கட்டி இழுத்த ஆடு மாதிரி
பின்னால் நகர்ந்து வந்தது முக்காலி.
அதனால் கால் நுனியில் கூர்முனை வைத்தேன்,
மண் பிடித்துக்கொள்ளட்டும் என்று.
மலை உச்சியில் மண் இல்லை.
வெறும் பாறை.

கூர்முனை வழுக்கியது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
அன்வர் பாஷா சாக்கை உதறினார்,
கல் பொறுக்கினார்,
மூன்று காலிலும் சுமத்தினார்.
கண்ணால் எடை போட்டேன்,
தொழில் பழக்கம்.
ஆறு கிலோ இருக்கும்,
கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

முப்பத்தெட்டு நிமிடம்.
போன மாதம் பழையதோடு ஏறியபோது ஐம்பத்தொன்று.
பதின்மூன்று மிச்சம் என்று நான் சொன்னதும்
மாதையன் பாறையில் மல்லாந்து படுத்தார்.
"அதுவரைக்கும் தூங்கிக்கறேன்."
பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"பாருங்க மேடம், இந்த ஆறு கிலோவுக்கு
இன்னொரு பெட்டி ஏத்துவாங்க.
முதுகு காலியா இருந்தா
மேலதிகாரிக்குக் கை அரிக்கும்."

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஒரு ரவையின் எடை எனக்குத் தெரியும்,
நிமிடத்துக்கு எத்தனை என்று தெரியும்,
பெருக்கவும் தெரியும்.
போய்ச் சேர்ந்த இடத்தில் அது என்ன எடை என்பதற்கும்
கட்டம் இல்லை.
நானும் கோடு போட்டுச் சேர்க்கவில்லை.

இறங்கும்போது இருதயசாமி
சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார்.
வாரின் கொக்கி கடித்த இடம்,
எட்டணாக் காசு அளவுக்குச் சிவந்து.
"மத்ததெல்லாம் சரி. இத மட்டும்."

அந்தக் கொக்கியிலும்
நான்தான் நாலு கிராம் சீவியிருந்தேன்.
சீவிய இடம்தான் கூர்.

திங்கட்கிழமை வரைபடத்தைத் திறந்தேன்.
எடைப் பட்டியலில்
ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக
ஒரு கூட்டல் குறி:
கொக்கிக்கு அடியில் கம்பளித் துணி, இரண்டு மடிப்பு,
பதினொரு கிராம்.
காரணம் என்ற இடத்தில்
தோள் என்று எழுதினேன்.