நான்காம் குழாய்

கோத்தகிரிக்குக் கீழே,
ஏழாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே,
தேயிலைச் சரிவில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு
ஓர் இரும்புக் குழாயை இறக்கினோம்.
சுற்றிலும் ஜல்லி கொட்டி இறுக்கினோம்.
ஜல்லியை எண்ணிப் போட்ட கூட்டம் என்று
போஜன் இன்றும் கேலி செய்கிறார்.
நிலம் அவருடையது.

மலை நகர்ந்தால் ஜல்லி உரசும்.
உரசினால் குழாய் முனகும்.
அந்த முனகல் நம் காதுக்கானது அல்ல;
இருபதாயிரம் அதிர்வுக்கு மேலே
எல்லோரும் செவிடு.
வௌவாலுக்குக் கேட்கலாம்.
எனக்கு வருவதெல்லாம்
மணிக்கு இத்தனை என்று ஓர் எண்,
பால் கணக்குப் போல.

வெயிலில் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
உறைபனி விடியலில் இரும்பு சுருங்கி, நான்கு.
மழையின் முதல் நாள் பன்னிரண்டு:
நீர் இறங்கும் சத்தம், பயப்பட வேண்டாம்
என்று நானே குறித்து வைத்திருக்கிறேன்.
பயப்பட வேண்டியது நூற்றெண்பதில்.
அந்த நூற்றெண்பது
வேறொரு நாட்டுக் களிமண்ணில்
வேறு யாரோ கண்டது.
இங்கே செம்மண்.
ஒத்துப்போகும் என்று கையெழுத்திட்டவள் நான்.

ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை.
இரவு ஒன்றே முக்காலுக்குச் செல்பேசி அலறியது:
நான்காம் குழாய், இருநூற்றுப் பதினொன்று.
பத்து நிமிடத்தில் முந்நூற்று நாற்பது.

லயன் வீடுகள் பத்தொன்பது.
முதல் கதவைத் திறந்தவள் யோகமலர்.
"சத்தம் ஒன்னும் கேக்கலியே."
"கேக்காதுங்க" என்றேன்.
அந்த நேரத்துக்கு அதைவிட மோசமான பதில்
கிடைத்திருக்காது.
ஆனாலும் வந்தார்கள்.
போர்வை, டார்ச்,
ரேஷன் அட்டை வைத்த பிஸ்கட் டின்,
டயாலிசிஸ் ஃபைலோடு தர்மலிங்கம்,
யாருடையதோ ஒரு சேவல்.
பள்ளிக்கூட வராந்தாவில்
அத்தனை பேரும் என் திரையையே பார்த்தார்கள்.
நாற்பது.
பூஜ்யம்.
பூஜ்யம்.

விடிந்தபோது சரிவு
நின்ற இடத்திலேயே நின்றது.
குழாயின் மூடியில் சேறு, கறுத்த மயிர்க் கற்றை.
சுற்றிலும் குளம்படி, என் உள்ளங்கை அகலம்.
மழையில் ஊறிய கழுத்தின் அரிப்பை
ஒரு காட்டெருமை
அரசு செலவில் தீர்த்துக்கொண்டு போயிருக்கிறது.

போஜன் சிரித்த சிரிப்பு
எந்தக் கருவிக்கும் கேட்டிருக்கும்.
யோகமலர் சிரிக்கவில்லை.
அன்று அவளுக்கு அரை நாள் கூலி போனது.

ஒரு வாரம் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மண் உரசினால் எண் ஏறிக்கொண்டே போகும்.
மாடு உரசினால் மூச்சு வாங்கும்:
எட்டு நொடி, ஒரு நிறுத்தம்,
பக்கம் மாற்றி எட்டு நொடி.
அந்த நிறுத்தத்தை அடையாளம் காண
நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
பெயர்ப் பத்தியில் 'பிழை' என்று எழுதி,
அழித்து,
'காட்டெருமை, ஆண், அரிப்பு' என்றேன்.
(ஆண் என்பது ஊகம்.)

மேலதிகாரி தொலைபேசியில் சொன்னார்:
வரம்பை நானூறாக்கு, இந்தக் கூத்து இனி வேண்டாம்.
நான்கு, பூஜ்யம், பூஜ்யம்.
மூன்று விசைதான்.

தட்டாமல் லயனுக்கு இறங்கிப் போனேன்.
யோகமலர் கொழுந்துப் பையை உதறிக்கொண்டிருந்தாள்.
"வருஷத்துக்கு எத்தன தடவ பொய்யா எழுப்புவீங்க?"
"ரெண்டு. மூணும் ஆகலாம்."
விரலில் எண்ணிப் பார்த்தாள்.
"மூணு அரை நாள்.
கூலியக் குடுத்துட்டு எழுப்புங்க."

செலவுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்:
தவறான எச்சரிக்கை, பத்தொன்பது வீடு, மூன்று அரை நாள்.
பதில் வரவில்லை.
வரம்பு நூற்றெண்பதிலேயே இருக்கிறது,
என் பெயரில்.
பத்தடி தள்ளி மாட்டுக்கென்று
ஒரு மரக்கட்டை நட்டிருக்கிறார் போஜன்.
அது இன்னும் கட்டையைச் சீண்டவில்லை.
இரும்புதான் பிடித்திருக்கிறது போல.

இன்று கார்த்திகை ஆறு.
இரவு பதினொன்று. மழை.
பன்னிரண்டு.
முப்பத்தொன்று.
எழுபது.
காதில் எதுவும் இல்லை, ஓட்டின் மேல் மழையைத் தவிர.
தொண்ணூற்றிரண்டு.
நிறுத்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.