டேப் கறுக்கும் வரை

திருப்பாலைக்குடியில் போர் போட்டால் உப்பு வரும்.
டேங்கரில் வருகிற தண்ணீரும்
பாத்திரம் காய்ந்ததும் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுக்கும்.
நல்ல தண்ணி கேன் கணக்கு.
வந்ததும் முதல் மூன்று செம்பு ஆட்டோகிளேவுக்கு.
அது குடித்த பிறகுதான்
டாக்டரம்மாவுக்கே டீ.

பதிவேட்டில் நான் பல்நோக்குப் பணியாளர், பெயர் நம்புசெல்வி.
நோக்கம் பலவாம். எனக்கு ஒன்றுதான் கண்:
கத்தரிக்கோலின் நடு ஆணி.
இரண்டு காலும் கூடுகிற அந்தக் கணுவில்
யாரோ ஒருத்தியின் பிரசவம்
கடுகளவு ஒளிந்திருக்கும்.
வெந்நீர் ஊற்றினால் வெந்து பிடித்துக்கொள்ளும்,
சட்டியில் முட்டை பிடிக்கிற மாதிரி.
பச்சைத் தண்ணிதான் முதலில்.
பிறகு மருந்து சோப்பு, பிறகு பல் தேய்க்கிற பிரஷ்.
ஆர்ட்டரிக்கு வாயைத் திறந்து
பல் பல்லாகத் தேய்த்துவிடுவேன்.
கடிக்காது. கூசவும் கூசாது.

கடல் கூப்பிடு தூரம்.
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும் காற்று.
துருவே பிடிக்காது என்று விற்றவன்
இந்தக் கரையில் ஒரு ராத்திரி தங்கியிருக்க மாட்டான்.

அன்றைக்கு மத்தியானமே இரண்டு பிரசவம்.
இருந்த இரண்டு செட்டும் அழுக்கு.
கழுவி, துடைத்து, பச்சைத் துணியில் மடித்து,
டேப் ஒட்டி, தேதி எழுதி ஏற்றினேன்.
முள் பதினைந்து பவுண்டைத் தொட்டுப்
பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.
கரண்ட் போனது.

அந்த இருட்டில்தான்
சந்தியாகுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
கரைவலை இழுத்தவன். குதிகாலில் திருக்கை முள்,
உள்ளேயே ஒடிந்து நிற்கிறது.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்த டாக்டரம்மா
தையல் செட் கேட்டார்கள்.

திறந்து எடுத்தேன்.
டேப்பில் கோடு பால் டீ நிறம்.

"அதான் ஆவியில வெந்துருச்சுல்ல, எடு தாயி"
என்றான் மச்சினன்.
அவன் சட்டையெல்லாம் மணலும் ரத்தமும்.
டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை.
என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.
அந்தப் பார்வைக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

இல்லை என்றேன்.
வேகவில்லை என்றேன். சோறு என்றால்
அரை வேக்காட்டில் தின்னலாம், வயிறு வலிக்கும், போகும்.
இது உடம்புக்குள்ளே போகிற இரும்பு.

ஜெனரேட்டர் தடுப்பூசி ஃபிரிட்ஜைத்தான் இழுக்கும்.
காத்திருக்க வேண்டும்.
காத்திருக்கிற நேரத்துக்கு வைத்தியம் இருந்தது:
காஸ் அடுப்பில் வெந்நீர்,
டாக்டரம்மா முழங்கை விட்டுப் பார்த்த சூடு,
வாளிக்குள் அவன் கால்.
திருக்கை விஷம் சூட்டுக்கு அடங்கும்.
ஆறுகிறபோதெல்லாம் நான் கொண்டுபோய் ஊற்றினேன்,
அவன் என் வம்சத்தையே திட்டினான்,
அரைமணியில் திட்டு குறைந்தது,
வலையில் நண்டு கிடந்ததே, எடுத்தீங்களாடா என்று
மச்சினனைக் கேட்டான்.

கால்மணி கழித்துக் கரண்ட் வந்திருந்தது.
விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.
புதுத் துணி, புது டேப், முதலிலிருந்து.
முள் ஏற எடுத்துக்கொண்ட நேரத்தைக்
கடியாரத்தில் பார்க்காமல்
என் நெஞ்சில் பார்த்தேன்.
டேப் கறுத்தது. டேப் பொய்யும் சொல்லும்,
சூடு பட்டதென்று சொல்லும், போதுமென்று சொல்லாது.
கடியாரமும் முள்ளும் சேர்ந்து சாட்சி சொன்ன பிறகே
ஆவியை விட்டேன்.
துணி உலர்கிற வரை மூடியைத் தொடவில்லை.
ஈரப் பொட்டலம் கிருமியை உறிஞ்சும்.

நோட்டில் இரண்டு வரி.
8.40, மின்தடை, தோல்வி. சிவப்பு மை.
9.55, தேறியது.

முள்ளை எடுத்து டிரேயில் போட்டபோது
'டிங்' என்றது, ஒரு விரல் நீளம், ரம்பம் மாதிரி.
சந்தியாகு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.
என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.
தையல் ஐந்து.

அவர்கள் போன பிறகு
மிச்சமெல்லாம் என்னிடம் வந்தது,
கத்தரி, ஊசி பிடிக்கிற குறடு, மூன்று ஆர்ட்டரி,
ரத்தம் இன்னும் காயவில்லை.
காய விடக்கூடாது.
குழாயைத் திறந்தேன்.
பச்சைத் தண்ணி.